ஆல்பம் தாளுக்கு ஆம்பூர் அறிவியல்

தபால்தலை சேர்க்கும் தம்பி, தங்கைகளே! உங்கள் ஸ்டாம்புக்கு முதல் எதிரி யார் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? கரையான், மழைத்தண்ணீர், கேட்காமல் எடுத்துப் பார்க்கிற குட்டித் தம்பி... எல்லாம் சரிதான். ஆனால் இவர்களைவிடப் பொல்லாத எதிரி ஒருவர் ஸ்டாம்பின் முதுகோடு முதுகாக ராத்திரி பகலாக இருக்கிறார். அவர்தான் ஆல்பத்தின் தாள்!

மலிவான ஆல்பத்தின் தாள் சில வருடங்களில் பழுத்துப் பழுப்பாகும். அதன் மேலிருக்கும் ஸ்டாம்பும் கூடவே பழுக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் பலர் ஆல்பத்தைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். என்ன தாள், என்ன பசை, என்ன மை, என்ன உறை என்பதை நாமே முடிவு செய்யலாம் அல்லவா?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஆல்பம் செய்யத் தேவையான வேதியியல் முழுக்கத் தோல் பதனிடும் உங்கள் ஊர் டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் தினமும் நடக்கிறது. அமிலம், சுண்ணாம்பு, கடுக்காய், இரும்புக் கறை, ஈரம் இழுக்கும் உருண்டைகள் எல்லாமே அங்கே உண்டு. உங்கள் அப்பாவோ சித்தியோ அங்கே வேலை செய்பவராக இருந்தால் பாதிப் பாடத்தை அவர்களே சொல்லித் தருவார்கள்.

முதல் ஆல்பம் செய்த கோளாறு

உலகின் முதல் தபால்தலை 'பென்னி பிளாக்'. 1840 மே மாதம் இங்கிலாந்தில் வந்தது. அடுத்த இருபது வருடங்களுக்குள் ஸ்டாம்ப் சேர்ப்பது ஐரோப்பா முழுவதும் பரவிவிட்டது. 1862-இல் பாரிஸ் நகரில் ஜஸ்டின் லாலியே என்பவர் ஸ்டாம்புக்கென்றே ஓர் ஆல்பத்தை அச்சிட்டு வெளியிட்டார். ஒவ்வொரு ஸ்டாம்புக்கும் ஒரு கட்டம். ஆனால் பல கட்டங்கள் ஸ்டாம்பைவிடச் சிறியவை! பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? கத்தரிக்கோலை எடுத்து ஸ்டாம்பின் ஓரத்தை நறுக்கிக் கட்டத்துக்குள் அடக்கினார்கள். ஓரத்துப் பற்கள் போன ஸ்டாம்புக்கு இன்று சேகரிப்பாளர் நடுவே மதிப்பு மிகக் குறைவு.

இதிலிருந்து முதல் விதி கிடைக்கிறது: தாளுக்காக ஸ்டாம்பை மாற்றக் கூடாது, ஸ்டாம்புக்காகத்தான் தாளை அமைக்க வேண்டும்.

தாள் ஏன் பழுக்கிறது?

பழைய காலத்தில் காகிதத்தைப் பருத்தி, சணல் கந்தல் துணிகளிலிருந்து செய்தார்கள். 1844-இல் ஜெர்மனியின் ஃபிரீட்ரிக் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கிக் காகிதம் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். காகிதம் மலிந்தது, நாளிதழ்கள் பெருகின. ஆனால் மரத்தில் செல்லுலோஸ் மட்டும் இல்லை, லிக்னின் என்ற பொருளும் இருக்கிறது. மரத்துக்கு விறைப்பைத் தருவது இதுதான். வெளிச்சமும் காற்றும் பட்டால் லிக்னின் பழுப்பாக மாறும்.

இன்னொரு வில்லன் இதற்கு முன்பே வந்துவிட்டான். வெறும் காகிதத்தில் எழுதினால் மை ஊறிப் பரவும். அதைத் தடுக்க 1807-இல் மோரிட்ஸ் இல்லிக் என்ற ஜெர்மானியர் மரப்பிசினையும் படிகாரம் போன்ற அலுமினிய உப்பையும் கூழில் கலக்கும் முறையைச் சொன்னார். மை ஊறுவது நின்றது. ஆனால் அந்த அலுமினிய உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து மெல்ல மெல்ல அமிலத்தை உண்டாக்கும்.

அமிலம் காகிதத்தை என்ன செய்கிறது? செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. மல்லிகைச் சரத்தின் நாரை அங்கங்கே அறுத்துவிட்டால் பூக்கள் துண்டு துண்டாகப் பிரிந்துவிடும் அல்லவா, அமிலமும் செல்லுலோஸ் சங்கிலியை அப்படித்தான் அறுக்கிறது. சங்கிலி குட்டையாகக் குட்டையாகக் காகிதம் பலமிழக்கிறது. ஓரத்தை மடித்தால் 'பட்'டென்று ஒடிகிறது. வெப்பம் கூடினால் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் அடிக்கிற வெயிலைச் சொல்லவே வேண்டாம்!

இதற்கு மருந்து கண்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் வில்லியம் பாரோ. 1904 முதல் 1967 வரை வாழ்ந்தவர். நூலகங்களில் புத்தகங்கள் பொடிவதற்கு முக்கியக் காரணம் அமிலம்தான் என்று சோதனைகளால் காட்டினார். அவர் கையாண்ட மருந்து என்ன தெரியுமா? சுண்ணாம்புத் தண்ணீர்! பழைய தாள்களைக் கால்சியம் ஹைட்ராக்சைடு கரைசலிலும், பிறகு கால்சியம் பைகார்பனேட் கரைசலிலும் நனைத்தெடுத்தார். சுண்ணாம்பு அமிலத்தை அடக்கியது. தாள் காய்ந்த பிறகு அதற்குள் கொஞ்சம் கால்சியம் கார்பனேட் தங்கி, பின்னால் வரும் அமிலத்தையும் சமாளித்தது. இன்று 'அமிலமற்ற தாள்' என்று விற்கும் பலவற்றில் கால்சியம் கார்பனேட் ஆலையிலேயே கலக்கப்படுகிறது.

ஒரு எச்சரிக்கை: இதைக் கேட்டுவிட்டு ஸ்டாம்பைச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள்! ஸ்டாம்பின் சாயம் போய்விடும். நாம் செய்ய வேண்டியது சரியான தாளைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே.

டேனரியில் ஏறி இறங்கும் எண்

அமிலமா காரமா என்று சொல்ல விஞ்ஞானிகள் பி.எச். என்ற அளவை வைத்திருக்கிறார்கள். சுத்தமான தண்ணீர் 7. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். அதாவது பி.எச். 4 உள்ள திரவம், பி.எச். 5 உள்ளதைவிடப் பத்து மடங்கு அமிலத்தன்மை கொண்டது.

ஆம்பூர் டேனரிக்குள் ஒரு தோல் நுழைந்து வெளியே வருவதற்குள் இந்த எண் ஏறி இறங்குவதைப் பாருங்கள். உப்பிட்டு வந்த தோலை முதலில் தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை நீக்குகிறார்கள். பிறகு சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் சேர்த்து ஊறவைக்கிறார்கள். முடி கழன்று வரும். அப்போது பி.எச். 12-ஐ ஒட்டி இருக்கும். அடுத்து சுண்ணாம்பை நீக்கி, உப்பும் கந்தக அமிலமும் கலந்த கரைசலில் சுழற்றுகிறார்கள். பி.எச். 3-க்கு அருகே இறங்கிவிடும். பிறகுதான் குரோமியம் உப்பு சேர்ப்பார்கள். பெரிய மர டிரம்மிலிருந்து தோல் வெளிர்நீலமாக வெளியே வரும். அதற்கு 'வெட் புளூ' என்று பெயர். முடித்து விற்பனைக்கு வரும் தோலும் அமிலப் பக்கமே நிற்கும், பெரும்பாலும் பி.எச். 4-ஐ ஒட்டி இருக்கும்.

தோலுக்கு அது நல்லது. தோலின் நார் கொலாஜன் என்ற புரதம். லேசான அமிலத்தில் அது நலமாக இருக்கும். காகிதத்தின் நார் செல்லுலோஸ். அதற்கு அமிலம் ஆகாது, லேசான காரம்தான் பிடிக்கும். ஒன்றுக்கு மருந்து மற்றொன்றுக்கு நஞ்சு. தோல் அட்டை போட்ட ஆல்பம் செய்ய ஆசைப்படுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

செய்து பாருங்கள்: செம்பருத்திச் சோதனை

கடையில் வாங்கிய தாள் அமிலமா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான்கைந்து சிவப்புச் செம்பருத்திப் பூக்களின் இதழ்களைப் பிய்த்து அரை டம்ளர் வெந்நீரில் போடுங்கள். பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீர் ஊதாச் சிவப்பானதும் வடிகட்டி ஆறவையுங்கள்.

ஒரு சொட்டு எலுமிச்சைச் சாற்றில் இதை ஊற்றினால் பளிச்சென்ற சிவப்பாகும். வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்த தெளிநீரில் ஊற்றினால் பச்சையாகும். இப்போது உங்களிடம் ஓர் அளவுகோல் தயார். பழைய செய்தித்தாள், நோட்டுப் புத்தகத் தாள், ஜெராக்ஸ் கடைத் தாள், சார்ட் அட்டை ஆகியவற்றிலிருந்து சிறு துண்டுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விடுங்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். நிறம் சிவப்புப் பக்கம் நின்றால் அந்தத் தாள் ஆகாது. நீலமும் பச்சையும் கலந்த பக்கம் திரும்பினால் அதில் கால்சியம் கார்பனேட் இருக்க வாய்ப்பு உண்டு.

லிக்னினுக்கு வெயில் சோதனை போதும். செய்தித்தாள் துண்டையும் உங்கள் ஆல்பம் தாளின் துண்டையும் பாதி மூடி, பாதி திறந்து மொட்டை மாடியில் சில நாள் வெயிலில் வையுங்கள். திறந்த பாதி பழுத்தால் அந்தத் தாளில் மரக்கூழின் லிக்னின் மிச்சம் இருக்கிறது என்று பொருள். கரூர் அருகே காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்தும் காகிதம் செய்கிறது. அதன் தாள் கிடைத்தால் அதையும் வரிசையில் சேர்த்துச் சோதித்துப் பாருங்கள்.

தாளின் கனத்தையும் பார்க்க வேண்டும். கடையில் 80 ஜி.எஸ்.எம்., 160 ஜி.எஸ்.எம். என்று சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் அது. ஒரு சதுர மீட்டரில் 16 ஏ4 தாள்கள் அடங்கும். எனவே 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று 5 கிராம். 160 என்றால் 10 கிராம். கடைக்காரர் சொன்னது சரியா என்று பார்க்கப் பத்துத் தாளை மளிகைக்கடைத் தராசில் வையுங்கள். நூறு கிராம் காட்டினால் 160 ஜி.எஸ்.எம். தாள். ஆல்பத்துக்கு 160 முதல் 200 வரை பொருத்தம். ஸ்டாம்பின் பாரத்தில் தொய்யாது.

எதில் எழுதுவது?

பக்கத்தில் நாடு, ஆண்டு, விவரம் எல்லாம் எழுத வேண்டுமே! மை வாங்குமுன் ஒரு சோதனை. நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்த் தூள் வாங்கி, வெந்நீரில் கரைத்து வடிகட்டுங்கள். அதில் ஒரு துருப்பிடித்த ஆணியைப் போட்டு வையுங்கள். மறுநாள் பார்த்தால் கரைசல் கருநீலமாகக் கறுத்திருக்கும்.

கடுக்காயில் டேனின் என்ற பொருள் நிறைய உண்டு. டேனினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய முறை. அந்தத் தோல் 'ஈ.ஐ. தோல்' என்ற பெயரில் கப்பலேறிச் சீமைக்குப் போனது. அந்தத் தோலில் ஓர் இரும்புத் துணுக்கு பட்டுவிட்டால் கறுப்புக் கறை விழும். பதனிடுகிறவர்கள் இரும்பைக் கண்டு பயப்படுவது இதனால்தான்.

டேனரியில் கெடுதல் செய்த இந்த வேதிவினைதான் பேனாவுக்கு மையானது. மாசிக்காய், கடுக்காய் போன்றவற்றின் சாற்றோடு அன்னபேதி எனும் இரும்பு சல்ஃபேட்டைச் சேர்த்து நூற்றாண்டுகளாக மை செய்தார்கள். எழுத்து அழியாது. ஆனால் வினையின்போது கந்தக அமிலமும் உண்டாகும். பழைய ஆவணங்கள் சிலவற்றில் எழுத்து இருந்த இடமே அரித்து ஓட்டை விழுந்திருப்பதற்கு அதுதான் காரணம்.

ஆகவே ஆல்பத்தில் பென்சில்தான் ராஜா. பென்சிலின் கிராஃபைட் வெறும் கரி. அமிலமும் இல்லை, வெயிலில் வெளுப்பதும் இல்லை. மையில்தான் எழுதுவேன் என்றால், கரித்தூள் கலந்த கறுப்பு டிராயிங் மையைப் பயன்படுத்துங்கள். எழுதி முடித்து நன்றாகக் காய்ந்த பிறகே ஸ்டாம்பை வைக்க வேண்டும்.

மிதக்கும் உறை, மூழ்கும் உறை

ஸ்டாம்பைப் பளபளப்பான பிளாஸ்டிக் உறைக்குள் வைக்கிறோம். எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல. ரெக்சின் பையும் மழைக்கோட்டும் புதிதாக இருக்கும்போது ஒரு வாசனை வருமே, பி.வி.சி. பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள்களுக்கு அந்த வாசனையில் பங்கு உண்டு. நாளாக ஆக அந்தப் பொருள் கசிந்து வெளியே வரும். ஸ்டாம்பின் அச்சில் பட்டால் பிசுபிசுப்பாகும், அச்சும் உறையில் ஒட்டிக்கொள்ளும். பி.வி.சி. சிதையும்போது அமிலமும் வெளியேறும்.

நல்ல உறை பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டரால் ஆனது. வீட்டிலேயே சோதிக்கலாம். உறையில் ஒரு சிறு துண்டை வெட்டி, ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் தடவி, காற்றுக்குமிழி ஒட்டாதபடி டம்ளர் தண்ணீருக்குள் அமுக்கி விடுங்கள். மேலே வந்து மிதந்தால் பாலிப்ரொப்பிலீன் வகையாக இருக்கலாம். அது தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது. அடியில் மூழ்கினால் பி.வி.சி.யாகவும் இருக்கலாம், பாலியெஸ்டராகவும் இருக்கலாம். மூழ்கியதோடு ரெக்சின் வாசனையும் அடித்தால் வாங்காதீர்கள்.

காற்றில் வரும் கந்தகம்

பழைய ஆரஞ்சு, மஞ்சள் ஸ்டாம்புகள் சில கறுத்துப்போய்க் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அக்கால அச்சு மைகள் சிலவற்றில் ஈயச் சேர்மங்கள் இருந்தன. காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு ஈயத்தோடு சேர்ந்தால் கறுப்பு ஈய சல்ஃபைடு உண்டாகும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு அது. டேனரியில் முடி நீக்கச் சேர்க்கும் சோடியம் சல்ஃபைடு, அமிலத்தோடு கலந்தால் இந்த வாயு கிளம்பும். மிகக் கொடிய நஞ்சு அது; கழிவுத் தொட்டிகளின் பக்கமே போகாதீர்கள். அக்காவின் வெள்ளிக் கொலுசு கறுப்பதும் கந்தகச் சேர்மங்களின் கைவரிசைதான்.

உங்கள் வீடு இப்படிப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஆல்பத்தைத் திறந்த அலமாரியில் வைக்காதீர்கள். நல்ல மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள்.

தோல் அட்டை போடலாமா?

ஷூ கம்பெனியில் வெட்டி மிஞ்சிய தோல் துண்டில் ஆல்பத்துக்கு அட்டை போட்டால் அழகாகத்தான் இருக்கும். போடலாம். ஆனால் தோலின் அமிலம் பக்கங்களில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1840-களில் லண்டனின் அத்தினியம் கிளப்பில் தோல் நாற்காலிகளும் புத்தக அட்டைகளும் நைந்து பொடிந்தன. காரணத்தை ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. ஆமாம், மின்சாரப் பாடத்தில் வரும் அதே ஃபாரடேதான்! விளக்குக்கு எரித்த வாயுவில் கந்தகம் இருந்தது. எரிந்ததும் அது கந்தக வாயுவாகித் தோலுக்குள் புகுந்து கந்தக அமிலமானது. மரப்பட்டையால் பதனிட்ட தோல் இப்படிச் சிவப்புப் பொடியாக உதிர்வதைச் 'சிவப்பு அழுகல்' என்று இன்றும் புத்தகம் பேணுவோர் சொல்கிறார்கள்.

எனவே தோல் அட்டைக்கும் முதல் பக்கத்துக்கும் நடுவில் செம்பருத்திச் சோதனையில் தேறிய தடித்த தாள் இரண்டை வைத்துத் தையுங்கள். கடைசிப் பக்கத்துக்கும் அப்படியே. ஸ்டாம்ப் ஒருபோதும் தோலைத் தொடக் கூடாது.

பக்கத்தை அமைப்போம்

முதலில் தாளின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். ஐந்து சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, ஒரு பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் தாள் சுருண்டு குழாய் போலாகும். குழாயின் நீளம் எந்தத் திசையோ அதுதான் நார் ஓடும் திசை. ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் வளராது, குறுக்கே பருக்கும். அதனால் ஆல்பம் தைக்கும் முதுகுக்கு இணையாக நார் ஓட வேண்டும். இல்லையென்றால் மழைக்காலத்தில் பக்கங்கள் அலை அலையாக வளையும்.

இப்போது கணக்கு. ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. துளை போட இடதுபக்கம் 30, வலதுபக்கம் 10 விட்டால் மீதி 170. இந்திய நினைவுத் தபால்தலைகள் பலவற்றின் அளவு சுமார் 39 மி.மீ.க்கு 29 மி.மீ. சுற்றிலும் 2 மி.மீ. விட்டால் கட்டத்தின் அகலம் 43. ஒரு வரிசையில் மூன்று கட்டம் என்றால் 129. மீதி 41 மி.மீ.யை நான்கு இடைவெளிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் சுமார் 10 மி.மீ. கணக்கு முடிந்ததா? பென்சிலால் மெல்லிசாகக் கட்டம் போடுங்கள். உயரம் 33 மி.மீ.

இனி ஸ்டாம்பை எப்படி நிறுத்துவது? ஸ்டாம்பின் முதுகில் எந்தப் பசையும் படக் கூடாது. செலோடேப் அறவே வேண்டாம். அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் ஊறும். அதற்குப் பதிலாக மூலைச்சட்டை செய்யலாம். நல்ல தாளில் 10 மி.மீ. அகலம், 30 மி.மீ. நீளமுள்ள பட்டையை வெட்டி, இரு நுனிகளையும் நடுப்புள்ளியிலிருந்து கீழ்நோக்கி மடித்தால் ஒரு முக்கோணப் பை கிடைக்கும். இப்படி நான்கு செய்து, ஸ்டாம்பின் நான்கு மூலைகளிலும் மாட்டி, பையின் முதுகை மட்டும் தாளில் ஒட்டுங்கள். மூலைகளை உருவினால் ஸ்டாம்ப் கழன்று வந்துவிடும், காயமே இல்லாமல்!

ஒட்டுவதற்கு வீட்டில் காய்ச்சிய மைதாப் பசை போதும். போஸ்டர் ஒட்டுகிறவர்களும் பைண்டிங் செய்கிறவர்களும் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள். நமக்கு அது வேண்டாம். மயில்துத்தம் தாமிர சல்ஃபேட்; அமிலத்தன்மையும் கொண்டது, தாமிரம் காகிதம் சிதைவதையும் துரிதப்படுத்தும். பசையை மெல்லிசாகத் தடவி முழுதும் காயவிடுங்கள். மாவுப்பசை என்றால் இராமபாணப் பூச்சிக்கு உயிர். மாதத்துக்கு ஒருமுறை பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள்.

ஒரு மாதிரிப் பக்கம்: வேலூர்

என்ன ஸ்டாம்பை வைப்பது? உங்கள் ஊரிலிருந்தே தொடங்குங்களேன். 1984 ஆகஸ்டில் இந்திய அஞ்சல் துறை நான்கு கோட்டைகளுக்குத் தபால்தலை வெளியிட்டது. குவாலியர், சிம்மகட், ஜோத்பூரோடு நம் வேலூர்க் கோட்டையும் அதில் ஒன்று. அதன் விலை 1 ரூபாய். திப்பு சுல்தானுக்கு 1974-இல் ஸ்டாம்ப் வந்தது. 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு அவர் குடும்பத்தாரை இந்தக் கோட்டையில்தான் காவலில் வைத்தார்கள். 1806 ஜூலை 10-இல் கோட்டைக்குள் வெடித்த சிப்பாய்ப் புரட்சிக்கு 200 ஆண்டு நிறைந்தபோது, 2006-இல் 5 ரூபாய் ஸ்டாம்ப் வந்தது. வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்த டாக்டர் ராதாகிருஷ்ணனுக்கு 1967 செப்டம்பர் 5-இல் வந்தது. ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு 2000-இல் வந்தது.

ஸ்டாம்ப் வெளிவந்த ஆண்டை வைத்து அடுக்காமல், சம்பவம் நடந்த ஆண்டை வைத்து அடுக்குங்கள். கோட்டை, திப்பு, 1806, மருத்துவமனை, ராதாகிருஷ்ணன் என்று வைத்தால் ஒரே பக்கத்தில் வேலூரின் வரலாறே வந்துவிடும்.

இன்னொரு சுவையான ஸ்டாம்பும் உண்டு. 2006 டிசம்பரில் இந்தியா சந்தன மணம் கமழும் தபால்தலை ஒன்றை 15 ரூபாய்க்கு வெளியிட்டது. ஜவ்வாது மலைச் சந்தன மரங்களுக்குப் பெயர்பெற்ற திருப்பத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் இதை விட்டுவிட முடியுமா? ஆனால் இதைத் தனி உறையில் வையுங்கள். வாசனைப் பொருள் பக்கத்து ஸ்டாம்பில் படக் கூடாது. தேய்த்து முகர்ந்தால் மணமும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

மழைக்காலக் காவல்

ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் ஏறும். ஸ்டாம்பின் கோந்து அந்த ஈரத்தை இழுத்து இளகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பழுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சையும் வரும். தோலுக்கும் இதே தொல்லைதான். அதற்காகத்தான் ஷூ பெட்டிக்குள் சிறு பொட்டலத்தில் கண்ணாடி உருண்டைகள் போன்ற சிலிக்கா ஜெல் வைத்து அனுப்புகிறார்கள். அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சும். ஷூ பெட்டியில் வந்த பொட்டலத்தைக் குப்பையில் போடாமல், பிரிக்காமல், ஆல்பம் வைக்கும் மூடிய பெட்டியின் ஓரத்தில் வையுங்கள். நாளானால் ஈரம் நிறைந்து வேலை செய்யாது; புதியதை மாற்றுங்கள். சின்னக் குழந்தைகள் கையில் அகப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு செய்தி. 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை படிக்கும், தபால்தலை சேர்க்கும் மாணவர்களுக்காக இந்திய அஞ்சல் துறை 2017-இல் தீன் தயாள் ஸ்பர்ஷ் என்ற உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. தேர்வாகிறவர்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். பள்ளியில் தபால்தலை மன்றம் இருக்க வேண்டும், அல்லது உங்கள் பெயரில் தபால்தலைக் கணக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆசிரியரிடம் கேட்டு இந்த மாதமே ஒரு மன்றத்தைத் தொடங்குங்கள். தலைமை அஞ்சலகத்தில் விவரம் கேளுங்கள்.

முதல் பக்கத்தைச் செய்து முடித்ததும் அதன் பின்புறம் மூலையில் பென்சிலால் மூன்று விஷயம் எழுதிவையுங்கள்: எந்தத் தாள், சோதனையில் என்ன நிறம் வந்தது, செய்த தேதி. பத்து வருடம் கழித்துத் தாள் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த மூன்று வரி போதும்.